தோட்டத்து ஆவணங்களைக் கூகுள் டிரைவிலிருந்து வன்தட்டுக்கு இறக்கிய அனுபவம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய், பழைய படங்களையும் பத்திரங்களையும் வாங்கி ஸ்கேன் செய்துவிட்டு உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கும் வேலையை நாங்கள் ஒரு சிலர் சேர்ந்து செய்து வருகிறோம். எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதைக் குறிக்கும் 'மலையகம் 200' நினைவுகூரல்கள் 2023 இல் நடந்த காலத்தில் இந்த வேலை சூடுபிடித்தது. பிரஜாவுரிமைச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள், தொழிற்சங்க அங்கத்துவ அட்டைகள், 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்குப் போனவர்கள் உறவினரிடம் விட்டுச்சென்ற குடும்பப் படங்கள், முதியவர்களிடம் கேட்டுப் பதிந்த ஒலிப்பதிவுகள், அவற்றைக் கேட்டுத் தட்டச்சு செய்த எழுத்துப் பிரதிகள் என எல்லாமே ஒரே கூகுள் கணக்கில் போய்ச் சேர்ந்தன. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் ஜீமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது என்பதால் அது சீக்கிரமே நிறைந்துவிட, கட்டணம் செலுத்தும் 100 ஜிபி திட்டத்துக்கு மாறினோம். கட்டணம் எங்களில் ஒருவருடைய வங்கி அட்டையிலிருந்து மாதாமாதம் போகிறது.

அந்த அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல் போனால் என்ன நடக்கும் என்ற கேள்வியே, எல்லாவற்றையும் வன்தட்டுக்கு (ஹார்ட் டிஸ்குக்கு) இறக்கும் வேலைக்கு முதற்காரணம். கட்டணம் நின்றால் கோப்புகள் உடனே அழிவதில்லை. ஆனால் ஒதுக்கீட்டுக்கு மேற்பட்ட நிலையிலேயே ஒரு கணக்கு இரண்டு ஆண்டுகள் கிடந்தால் அதிலுள்ளவற்றை அழிக்கலாம் என்று கூகுளின் விதி சொல்கிறது. இரண்டு ஆண்டுகள் யாருமே உள்நுழையாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குப் போய், தொலைபேசி இலக்கத்தையும் கணக்கையும் மாற்றிக்கொண்டே இருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்த விதி வெறும் காகிதத்தில் இருக்கும் விதி அல்ல.

டிரைவ் போன்ற இணையவழி மேகச் சேமிப்பில் வைத்தால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய மறுப்பு உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கட்டமைப்பு கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானபோது, அரச அலுவலகங்கள் பாவித்த மின்னஞ்சல்களில் அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலானவை மீட்க முடியாமற் போயின. அந்தக் காலப்பகுதிக்கு, தாக்குதல் எட்டாத தனிப் பிரதி எதுவும் இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு கடவுச்சொல்லில் தொங்கும் எங்கள் சேகரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காக மேகச் சேமிப்பைக் கைவிடச் சொல்பவன் அல்லன் நான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் புதைந்தபோது ஆட்களோடு அவர்களுடைய பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் மலையகமெங்கும் மண்சரிவுகள் ஏற்பட்டன. வீட்டு அலுமாரியில் மட்டும் ஒரு பொருளை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே சூறாவளி நாட்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் நாட்கணக்கில் இல்லாதிருந்ததால், மேகத்தில் இருந்தவற்றையும் எட்ட முடியவில்லை. ஆகவே இரண்டும் வேண்டும். வன்தட்டில் உள்ளது பிரதிதானா என்று தீர்மானிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இணையமும் இல்லாமல், அந்தக் கணக்கும் இல்லாமல், வேறொருவருடைய கணினியில் அது திறக்க வேண்டும்.

இந்த அளவுகோல் எவ்வளவு கறாரானது என்பது முதல் முயற்சியிலேயே தெரிந்தது. எங்களோடு வேலை செய்யும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர், தம் மடிக்கணினியில் கூகுள் டிரைவ் செயலியை நிறுவி, அது காட்டிய கோப்புறைகளை அப்படியே இழுத்து வன்தட்டில் போட்டுவிட்டு, "சேர், எல்லாம் கொப்பி ஆயிருச்சு" என்றார். எழுத்துப் பிரதிகள் இருந்த கோப்புறை மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டதாகவும் பெருமையோடு சொன்னார். "தம்பி, வைஃபையை நிப்பாட்டிட்டு அதுல ஒன்னைத் திறந்து பாருங்க" என்றேன். திறக்கவில்லை. கோப்பின் அளவைப் பார்த்தால் ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்த பிரதி அந்த அளவுக்குள் அடங்காது. கூகுள் டொக்ஸ், ஷீட்ஸ் ஆகியவற்றில் உருவாக்கியவை டிரைவ் கோப்புறையில் கோப்பைப் போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது இணையத்தில் உள்ள ஆவணத்தைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. கணக்கு போனால் அந்தச் சுட்டிக்குப் பொருளே இல்லை. ஸ்கேன் செய்த படங்களும் பிடிஎஃப் கோப்புகளும் ஒலிப்பதிவுகளும் சரியாக வந்திருந்தன. பலருடைய உழைப்பில் உருவான எழுத்துப் பிரதிகளில் ஒன்றுகூட வரவில்லை.

அந்தச் செயலியில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'ஸ்ட்ரீம்' என்ற முறையில் கோப்புகள் கணினியில் இருப்பதில்லை, திறக்கும்போதுதான் இறங்கும். 'மிரர்' முறையில் எல்லாம் கணினியிலும் இருக்கும். ஆனால் கணினியில் அழித்தால் மேகத்திலும் அழியும், மேகத்தில் அழித்தால் கணினியிலும் அழியும். சிலர் வெளி வன்தட்டையே மிரர் கோப்புறையாக அமைத்துவிட்டு, பிரதி எடுத்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை நீக்கினால், 30 நாட்கள் குப்பைத்தொட்டியில் கிடந்துவிட்டு அது இரண்டு பக்கமும் போய்விடும். ஒத்திசைவு வேறு, பிரதி வேறு. மைக்ரோசொஃப்டின் மேகச் சேமிப்பான வன்டிரைவ் (OneDrive) பாவிப்பவர்களும் இதே கண்ணோடு பார்ப்பது நல்லது. அங்கேயும் கோப்புப் பெயரின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் கோப்பு கணினியில் இல்லை என்றே பொருள்.

இந்தக் காரணங்களால் கூகுளின் டேக்அவுட் சேவைக்குப் போனோம். கணக்கில் உள்ளவற்றைத் தொகுத்து ஸிப் கோப்புகளாகத் தரும் இந்தச் சேவை, டொக்ஸ் ஆவணங்களை வேர்ட் வடிவத்துக்கும் ஷீட்ஸ் ஆவணங்களை எக்செல் வடிவத்துக்கும் மாற்றித் தந்துவிடும். கேட்டவுடன் கிடைக்காது, கணக்கின் அளவைப் பொறுத்து மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ ஆகும். தயாரானதும் மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது, ஏனென்றால் எங்கள் பக்கத்து இணைய வேகத்துக்கு ஒரு வாரம் அப்படியொன்றும் தாராளமான அவகாசம் அல்ல. நொடிக்கு 10 மெகாபிட் வேகம் இடைவிடாமல் கிடைத்தாலே 100 ஜிபி இறங்க 22 மணித்தியாலங்கள் செல்லும். மழை நாளில் அந்த வேகம் பாதியாகிவிட்டால் 44.

ஆகவே ஸிப் கோப்புகளின் அளவைத் தெரிவு செய்யும் இடத்தில்தான் மலையகத்தவர் நிதானிக்க வேண்டும். 50 ஜிபி என்று தெரிவு செய்தால் இரண்டு மூன்று கோப்புகளில் காரியம் முடியும் என்று தோன்றும். ஆனால் 40 ஜிபி இறங்கிய நிலையில் மின்சாரம் போனால், உலாவி பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்கும். அதற்குச் செலவான டேட்டாவும் திரும்பி வராது. ஒரே கோப்பை எத்தனை தடவை இறக்கலாம் என்பதற்கும் டேக்அவுட்டில் ஒரு வரம்பு இருக்கிறது. நாங்கள் 2 ஜிபி அளவைத் தெரிவு செய்தோம். பட்டியல் நீண்டதுதான், ஆனாலும் ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப இறக்கினால் போதும். நம் நாட்டு இணையப் பொதிகள் பலவற்றில் நள்ளிரவுக்குப் பின் பாவிப்பதற்கென்று தனி ஒதுக்கீடு உண்டல்லவா? அதை வழக்கமாக யாரும் தொடுவதே இல்லை. இரவில் மடிக்கணினியைத் தூக்கநிலைக்குப் போகாதபடி அமைத்துவிட்டு, அந்த ஒதுக்கீட்டில் இறக்கினோம். மடிக்கணினி என்பதால் சிறு மின்தடைகளை அதன் மின்கலமே தாங்கிக்கொண்டது. வைஃபை பெட்டிக்கு ஒரு சிறிய யுபிஎஸ் தேவைப்பட்டது.

இறங்கிய ஸிப் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் கோப்புறையில் விரிக்கக் கூடாது. ஒரு படம் மூன்றாவது ஸிப்பிலும், அதற்குரிய விவரக் கோப்பு ஏழாவதிலும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விரித்தால்தான் அவை பக்கத்துப் பக்கத்தில் வந்து சேரும். செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து விரிக்கலாம். விரிக்குமுன் ஒவ்வொன்றும் பழுதின்றி இறங்கியிருக்கிறதா என்று அதிலேயே சோதிக்கவும் முடியும்.

அந்த விவரக் கோப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய படங்களைச் சேர்ப்பவர்களுக்கு முழு வேலையின் உயிரும் அதில்தான் இருக்கிறது. கூகுள் ஃபோட்டோஸில் நாம் ஒரு படத்துக்குத் திகதியைத் திருத்தினாலோ குறிப்பு எழுதினாலோ, அந்தத் திருத்தம் படக் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை. டேக்அவுட்டில் அது ஜேசன் என்ற வடிவில், படத்தின் பெயரையே கொண்ட தனிக் கோப்பாக வருகிறது. எங்களிடம் ஒரு படம் இருக்கிறது: முன்வரிசையில் தாத்தாவும் அப்பாயியும் மர நாற்காலிகளில் அமர்ந்திருக்க, பின்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறுவதற்கு முன் எடுத்தது என்றும், 1968 ஆகஸ்ட் என்றும் அதன் பின்புறத்தில் மையால் எழுதியிருந்தார்கள். அந்தத் திகதியையும் படத்தில் இருப்பவர்களின் பெயர்களையும் ஃபோட்டோஸில் பதிந்திருந்தோம். வன்தட்டில் விரித்துப் பார்த்தபோது அந்தப் படம் 2023 ஆம் ஆண்டின் படமாக நின்றது. அது ஸ்கேன் செய்த நாள். 1968 எங்கே என்று தேடினால், ஜேசன் கோப்பில் கழித்தல் குறியோடு நாலு கோடியைத் தாண்டிய ஓர் எண்ணாக இருந்தது. கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணுவதால், அதற்கு முந்திய காலமெல்லாம் கழித்தல் கணக்கில் போகிறது. மலையகத்துக் குடும்பங்கள் பிரிந்த கதையில் பாதி 1970 க்கு முந்தியது. எனவே எங்கள் சேகரிப்பில் கழித்தல் குறிகளுக்குப் பஞ்சமில்லை.

ஜேசன் கோப்பை நோட்பேடில் திறந்தால், அந்த எண்ணுக்குக் கீழே வாசிக்கக்கூடிய திகதியும் இருக்கும். அது கிரீன்விச் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. அதிகாலை ஐந்து மணிக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எடுத்த படம் முதல்நாள் திகதியில் நிற்பது அதனால்தான். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் இந்த விவரங்களைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடலாம். கட்டளை எழுதிப் பழகாதவர்களுக்கு அது சிரமம். எங்களில் ஒருவருக்கு அது தெரிந்திருந்தது. தெரியாதவர்களுக்கு நான் சொல்வது, ஜேசன் கோப்புகளை 'குப்பை' என்று அழித்துவிடாமல் படங்களோடு வைத்திருங்கள் என்பதே. வேண்டாத கோப்புகள் என்று எண்ணி அவற்றை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அல்பம் பிரித்து வைத்தவர்களுக்கு ஒரே படம் ஆண்டுக் கோப்புறையிலும் அல்பக் கோப்புறையிலும் இரட்டிப்பாக வரும். வன்தட்டில் இடம் இருக்கிறது. தோட்டத்தின் பெயரும் வீட்டின் பெயரும் அல்பப் பெயரில்தான் இருந்தன என்பதால் நாங்கள் இரட்டிப்பை அப்படியே விட்டுவிட்டோம்.

டேக்அவுட்டில் வராதது ஒன்றும் உண்டு. 'என்னோடு பகிரப்பட்டவை' என்ற பகுதியில் தெரிகின்றவை நம் கண்ணுக்குத் தெரிந்தாலும் நம்முடையவை அல்ல. பிறருடைய கணக்கில் இருப்பவை நம் தொகுப்பில் சேருவதில்லை. பொகவந்தலாவைப் பக்கத்து ஒலிப்பதிவுகள் முழுவதும், இப்போது வெளிநாட்டில் வேலை செய்யும் ஒரு தங்கையின் கணக்கிலிருந்து பகிரப்பட்டிருந்தன. அவரோடு வட்ஸ்அப்பில் பேசி, அந்தக் கோப்புகளைத் தனியே தரவிறக்கி, எங்கள் கணக்கிலும் ஒரு பிரதி ஏற்றிக்கொண்டோம். கூட்டாக வேலை செய்யும் எந்தக் குழுவும் முதலில் செய்ய வேண்டியது, எந்தக் கோப்புறைக்கு யார் உரிமையாளர் என்று ஒரு பட்டியல் போடுவதுதான்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு வேறு சில இடைஞ்சல்கள் உண்டு. திகதியை எழுதும்போது நாம் போடும் சாய்கோட்டை டிரைவ் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் ஏற்காது, இறக்கும்போது அது அடிக்கோடாக மாறிவிடும். கோப்புறைக்குள் கோப்புறையாக நீண்ட பெயர்கள் அடுக்கினால், மொத்தப் பாதை 260 எழுத்துகளைத் தாண்டும்போது விண்டோஸில் பல மென்பொருள்கள் முறுகும். வன்தட்டின் மேல்மட்டத்திலேயே ஓரெழுத்துப் பெயரில் ஒரு கோப்புறை அமைத்து அதற்குள் விரித்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். லினக்ஸ் பாவிப்பவர்களுக்குத் தொல்லை இன்னும் கூட: அங்கே ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுகள்தான் இடம், தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளைத் தின்னும். 'ஒப்பந்தம்' என்ற ஒரு சொல்லுக்கே 27 பைட்டுகள் போய்விடும்.

யுனிகோடு என்ற பொது எழுத்துமுறைக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வேர்ட் கோப்புகள் நம் நாட்டுப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் இன்னும் ஏராளம். அவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றும் புரியாத குவியலாகத் தெரியும். அவற்றை யுனிகோடுக்கு மாற்றி ஒன்று, மாற்றாத மூலம் ஒன்று, பிடிஎஃப் ஒன்று என வைத்து, எழுத்துருக் கோப்பையும் அதே வன்தட்டில் போட்டோம். முன்பு சொன்ன அளவுகோல் இதற்கும் பொருந்தும்: வேறொருவரின் கணினியில் அது தமிழாகத் தெரிய வேண்டும்.

இனி வன்தட்டு. 1 டெராபைட் கையடக்க ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினோம். உள்ளே சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வேகமானது, விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்சாரமே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் வைக்கும் நோக்கத்துக்கு நான் சுழலும் தட்டையே விரும்புவேன். பென் டிரைவை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். எந்த வடிவத்தில் ஃபோமெட் செய்வது என்பது சில்லறை விடயம் அல்ல. ஃபாட்32 இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை வைக்க முடியாது. எங்கள் காணொளிகள் சில அதைத் தாண்டின. எக்ஸ்ஃபாட் விண்டோஸிலும் அப்பிள் கணினியிலும் எழுத இடம் தரும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ வயரைப் பிடுங்கினாலோ அது எளிதில் குழம்பும். என்டிஎஃப்எஸ், தான் செய்யும் மாற்றங்களைக் குறித்துவைத்துக்கொள்வதால் மின்தடைக்கு ஓரளவு தாங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாத காலத்தைக் கடந்தவர்கள் நாங்கள். எல்லோரிடமும் விண்டோஸ்தான் இருக்கிறது என்பதால் என்டிஎஃப்எஸ் போதும் என்று தீர்மானித்தோம்.

மழையும் குளிரும் வன்தட்டுக்கு நண்பர்கள் அல்ல. பல கையடக்க வன்தட்டுகளுக்கு இயங்கு வெப்பநிலை 5 முதல் 35 பாகை செல்சியஸ் என்று குறித்திருப்பார்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் உறைபனி விழும் அளவுக்குக் குளிர் இறங்குகிறது. அந்தக் குளிரில் கிடந்த தட்டை அடுப்படிச் சூடு உள்ள அறைக்குக் கொண்டுவந்து உடனே சொருகினால் உள்ளே ஈரம் படியலாம். ஓரிரு மணித்தியாலம் விட்டுவிட்டுச் சொருகுவது நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கிறோம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம். அந்த நேரங்களில் வன்தட்டைச் சொருகிய கணினியைச் சுவர் மின்சாரத்தில் வைத்திருப்பதில்லை.

பிரதி எடுத்து முடிந்த பின் வேறொரு வீட்டுக் கணினியில் இணையத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கோப்புறையிலும் சிலவற்றைக் கண்மூடித்தனமாகத் தொட்டுத் திறந்து பார்த்தோம். டிரைவிலுள்ள கோப்பு எண்ணிக்கையை வன்தட்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டோம். டிரைவ் ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை அனுமதிக்கும், விண்டோஸ் அனுமதிக்காது என்பதால், எண்ணிக்கை குறைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. டேக்அவுட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என ஓர் ஆண்டுக்குத் தானாகத் தயாரிக்கும்படி அமைக்கலாம். எங்களுக்கு டேட்டா கட்டுப்படியாகாது என்பதால், புதிதாகச் சேர்ந்த கோப்புறைகளை மட்டும் அவ்வப்போது தனியே இறக்கிச் சேர்க்கிறோம். பழையதன் மேல் எழுதுவதில்லை. திகதியிட்ட புதுக் கோப்புறையில் போடுகிறோம்.

ஒரு வன்தட்டு ஹட்டனில் இருக்கிறது, மற்றது கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில். இரண்டையும் ஒரே மலைச்சரிவில் வைப்பதில் பயனில்லை. தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம் ஆகியவற்றின் ஸ்கேன்களை மட்டும் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் பூட்டிய பகுதியில் வைத்திருக்கிறோம். பஸ்ஸிலோ ரயிலிலோ பையோடு தொலைந்தால் யார் கையிலும் அகப்படக் கூடாதவை அவை. குடும்பப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் பூட்டவில்லை. கடவுச்சொல் மறந்தால் அவையும் போய்விடும் என்பது ஒரு காரணம். தம் வீட்டுப் படத்தைக் கேட்டு வருபவர்களுக்கு அந்த இடத்திலேயே பென் டிரைவில் போட்டுக் கொடுக்க முடிவது இன்னொரு காரணம். பூட்டிய பகுதியின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வன்தட்டு இல்லாத வேறு இரண்டு வீடுகளில் கொடுத்திருக்கிறோம்.